காப்புக் கட்டிய கையில் கருப்பு அட்டை

ஆடி மாதம் எங்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், செத்தவன் என்று என் கையில் அட்டை கட்டித் தரையில் கிடத்திவிட்டார்கள். கட்டியது ஒரு காலேஜுப் பெண். அதைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கிடந்தவன் நான். அதனால் நான் சொல்வதுதான் சரி.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர் சின்னது. மேலே ரோடு, கீழே ஊர். நடுவில் வெட்டிவிட்ட மலை. மழைக்காலத்தில் அங்கிருந்து மண் சரியும். சரிந்தால் என்ன செய்வது என்பதற்குப் பேரிடர் மேலாண்மை என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். டிகிரி முடித்த பிறகு அதற்கு மேல் இரண்டு வருஷம் படிக்க வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மண் சரிந்தால் ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷமா என்று கேட்டேன்.

அந்தப் படிப்புப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். கூட அமலோற்பவம் என்று ஒரு டீச்சரம்மா. பிள்ளைகளுக்குத் தலைவியாக மோனிஷா என்று நாமக்கல் பக்கத்துப் பெண். மண் சரிந்து பாதி ஊர் அடிபட்டுக் கிடக்கிற மாதிரி ஒரு ஒத்திகை. அடிபட்டவர்களாக நாங்கள் படுத்திருக்க வேண்டும், அவர்கள் வந்து தூக்க வேண்டும். அதுதான் மோனிஷாவுக்குப் பரீட்சை. எங்கள் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி சரி என்று தலையாட்டிவிட்டார். ஆட்களை ஸ்கூல் மைதானத்தில் கூட்டியதும் அவர்தான்.

எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. கையில் பேப்பரோடு மலை ஏறி வருகிறவன் எவனும் சும்மா வந்ததில்லை. நிலம் எவ்வளவு என்பான், மிளகு எத்தனை மூட்டை என்பான், பட்டா யார் பேரில் என்பான். சொன்னால் அதை வைத்து எதையாவது செய்வான். அதனால் பேப்பர் வைத்திருக்கிறவன் கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பிறகு ஏன் படுக்கப் போனாய் என்று கேட்கலாம். வெளியே நின்று பார்த்தால் இவர்கள் செய்வது தெரியாது. உள்ளே கிடந்தால் தெரியும். அதற்குத்தான் போனேன்.

காப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்கு முதல் கரகம் எங்கள் வகையறாவுடையது. என் அப்பன் எடுத்தார், அவருக்குப் பிறகு நான். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால் கரகம் இறக்கும்வரை கவுச்சி கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது, சாவு காரியத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது. தீட்டுப் பட்டால் காப்பை அவிழ்த்துவிட வேண்டும். கரகம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். ஒருதரம் போனது திரும்பாது. அடுத்த வருஷம் அவன் மகன் வந்து நிற்பான். அடுத்த பங்காளி என் சித்தப்பன் மகன் சின்னுசாமி. பேளுக்குறிச்சிச் சந்தையில் அவன் மஞ்சள் வேட்டி வாங்கி வைத்திருப்பதை அவன் பெண்டாட்டியே என் பெண்டாட்டி பெருமாயியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒத்திகைக்கு முன்னால் மோனிஷா நாலு நிறத்தில் அட்டைகளைக் காட்டிப் பேசினாள். நடக்க முடிகிறவனுக்குப் பச்சை. கொஞ்சம் பொறுக்கக்கூடியவனுக்கு மஞ்சள். உடனே தூக்க வேண்டியவனுக்குச் சிவப்பு.

“அந்தக் கருப்பு யாருக்குங்க கண்ணு?” என்று பெருமாயி கேட்டாள்.

“மூச்சு இல்லாதவங்களுக்குங்க அம்மா. அவங்கள விட்டுட்டு உசுரோட இருக்கறவங்களப் பாக்கப் போயிருவோம்.”

டீச்சரம்மா குறுக்கே வந்தார். “உங்களுக்கு எங்க அடிபட்டிருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடாதீங்க, அவங்கதான் கண்டுபிடிக்கணும். இந்தா மோனிஷா, உயிரோட இருக்கிறவருக்குக் கருப்பு கட்டினா இந்தப் பரீட்சை போச்சு. அதுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.”

விசில் ஊதினார்கள். ஆளாளுக்குப் படுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். சின்னுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு “ஐயோ, அம்மா” என்று உருண்டான். கூத்துக்குப் போயிருக்க வேண்டியவன். நான் பலாமரத்தடியில் மல்லாந்து கிடந்தேன். கத்தவில்லை. இந்த வயதில் கத்தி யாருக்குக் காட்ட வேண்டும்? பெருமாயி ஆடுகளை மாற்றிக் கட்ட வீட்டுக்குப் போய்விட்டாள்.

மோனிஷா ஓடிவந்து என் பக்கத்தில் குனிந்தாள். கையில் பேப்பர் செருகிய எழுதும் அட்டை இருந்தது.

“ஐயா, நடக்க முடியுங்களா?”

நான் பேசவில்லை.

“ஐயா, நான் பேசறது கேக்குதுங்களா? உங்க பேரு என்னங்க?”

பேர் எதற்கு? கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரோ “மோனிஷா, டைம் ஆகுது” என்று கத்தினார்கள். என் வலது கையை எடுத்து எதையோ கட்டினாள். போய்விட்டாள். பிறகு இரண்டு பையன்கள் வந்து ஒரு வெள்ளைத் துணியை என்மேல் போட்டு முகம்வரை இழுத்துவிட்டார்கள். வெயிலுக்கு நன்றாக இருந்தது.

துணிக்கு வெளியே டீச்சரம்மாவின் குரல் கேட்டது. “இவருக்குக் கருப்பா? மூச்சு பார்த்தியா?”

“பாத்தேன் மேடம். மூச்சடக்கிட்டுப் படுத்திருக்காருங்க.”

“நல்லது. பெரியவர் நல்லா நடிக்கிறார்.”

மோனிஷா என் மூக்கருகே கைகூட வைக்கவில்லை. அப்போதுதான் கருப்பு அட்டை என்றால் என்ன என்பதே என் புத்தியில் ஏறியது. எழுவதற்குள் மைதானத்து வாசலில் பெருமாயியின் கூக்குரல். பாதி தூரத்திலிருந்தே “ஐயோ சாமீ, போயிட்டீங்களா!” என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். ஊரே சிரித்தது. சின்னுசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவன் உருள்வதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் காப்பின்மேல் கருப்பு அட்டை தொங்கியது.

“கவுண்டரே!” என்று எழுந்தான் அவன். “காப்புக் கட்டினவரு பொணமாப் படுத்து, கோடித் துணி போத்தி, பொண்டாட்டி அழுதும் ஆச்சு. இது தீட்டா இல்லீங்களா?”

சிரிப்பு நின்றது. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்த பிள்ளைகளும் நின்றார்கள். அர்த்தனாரி துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு பலாமரத்தடிக்கு வந்தார். வழக்கு என்றால் அவருக்குப் பசி மறந்துவிடும்.

“பொன்னா, நீ எதுக்குடா பொணமாப் படுத்த?”

“நான் சும்மாதானுங்க படுத்திருந்தேன். பொணமாப் படுக்கல.”

“அந்தப் பொண்ணு பேசுனதுக்கு ஏன் பதில் சொல்லல?”

“கையில பேப்பர் வெச்சிருந்துச்சுங்க.”

மறுபடியும் சிரித்தார்கள். அர்த்தனாரி சிரிக்காமல் பெருமாயி பக்கம் திரும்பினார். “நீ ஒப்பாரி வெச்சியா ஆத்தா?”

“இந்த மனுசனுக்கு நான் எதுக்குங்க ஒப்பாரி வெக்கறேன்? ஆடு கயித்த அறுத்துட்டுப் போயிருச்சு. அதத்தான் போயிட்டியான்னு கத்துனேன்.”

“ஆட்டப் போயி சாமீன்னு, போயிட்டீங்களான்னு மரியாதையாவா கூப்புடுவீங்க, அண்ணி?” என்றான் சின்னுசாமி.

“உன்னயவே மரியாதையாக் கூப்புடறோம். ஆட்டக் கூப்புட்டா என்ன?”

அர்த்தனாரி கையை உயர்த்தினார். “அழுகறது கத்தறது கெடக்கட்டும். தெரியாம அட்டை கட்டிட்டா அது கட்டினவங்க தப்பு, காப்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா காப்போட இருக்கறவன் தானா மூச்சடக்கிப் பொணமாக் கெடந்தான்னா, அது தீட்டுத்தான். அவுத்துடணும். மூச்சு இருந்துச்சா இல்லையான்னு கட்டின பொண்ணுதான் சொல்லணும்.”

“அதுக்கு முன்னாடி நான் சொல்றேனுங்க,” என்றேன். “அது கையே வெக்கல.”

“நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க அண்ணா,” என்றான் சின்னுசாமி. “கரகம் உங்களதாச்சே.”

அவன் சொன்னது சரிதான். அவன் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

மோனிஷாவைக் கூப்பிட்டார்கள். வேர்த்து வழிய வந்து நின்றாள். பக்கத்தில் டீச்சரம்மா. பார்த்தேன் என்று இவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். இப்போதும் அதையே சொன்னால் இவள் பரீட்சை பிழைக்கும், என் கரகம் போகும். பார்க்கவில்லை என்றால் என் கரகம் இருக்கும், இவள் பரீட்சை போகும். இவள் யாரோ, நான் யாரோ. மாலையில் வேன் ஏறினால் இந்த ஊர் பக்கமே வரப்போவதில்லை. என்ன சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காப்பை அவிழ்த்துக் கொடுக்கும்போது சின்னுசாமி முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

“சொல்லு சாமி,” என்றார் அர்த்தனாரி. “ஆளுக்கு மூச்சு இருந்துச்சா?”

அவள் டீச்சரம்மாவைப் பார்த்தாள்.

“என்னை எதுக்குப் பார்க்கிற? எங்கிட்ட சொன்னதைச் சொல்லு,” என்றார் அவர்.

நகத்தால் கையிலிருந்த பேப்பரின் ஓரத்தைப் பிய்த்தாள்.

“நான் பாக்கலீங்க,” என்றாள்.

“என்ன பாக்கல?”

“மூச்சுப் பாக்கலீங்க. நேரம் ஆயிட்டு இருந்துச்சு. கேட்டேன், பதில் வரல. அதனால கட்டிட்டேன். மேடத்துகிட்ட பாத்தேன்னு பொய் சொன்னேன்.” டீச்சரம்மா பக்கம் திரும்பாமலேயே பேசினாள். “நெசமாவே மண்ணு சரிஞ்சிருந்தா, இவர உசுரோட விட்டுட்டுப் போயிருப்பேனுங்க.”

அர்த்தனாரி தலையை ஆட்டினார். “அப்ப ஆளு சாகல. காப்பு இருக்கட்டும். கரகம் பொன்னனுது.”

“கவுண்டரே, துணி போத்துனது?” என்றான் சின்னுசாமி.

“குளிருதுன்னு போத்துனாங்க. போயி சாப்புடு, போ.”

சின்னுசாமி பொட்டலம் வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

டீச்சரம்மா தன் பேப்பரில் எதையோ எழுதினார். அர்த்தனாரி அதைப் பார்த்துவிட்டுக் கிட்டே போனார். “ஏனுங்கம்மா, பொண்ணு உண்மையச் சொல்லிருச்சு. பாத்து ஏதாச்சும் செய்யுங்க.”

“உங்க கோயில் விஷயத்தை நீங்க தீர்த்துட்டீங்க. இது என் விஷயம்,” என்றார் அவர். “உண்மையைச் சொன்னதுக்காக இவளைக் காலேஜ்ல வெச்சிருக்கேன். மூச்சு பார்க்காததுக்காக ஃபெயில் போட்டிருக்கேன். அடுத்த வருஷம் வேற பேட்ச்சோட சேர்ந்து இன்னொரு ஊர்ல செய்யட்டும்.”

அர்த்தனாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். அந்தம்மா செய்ததில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

அட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. அவிழ்த்துவிடு என்று பெருமாயியிடம் நீட்டினேன். சாவு அட்டையை நான் தொடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். வேறு யாரும் தொடவில்லை. கடைசியில் மோனிஷாதான் வந்தாள். அட்டைக் கயிறும் காப்புக் கயிறும் பின்னி முடிச்சு இறுகியிருந்தது. ஒரு பையன் கத்தரிக்கோல் கொண்டுவந்தான்.

“வேண்டாம்,” என்றாள். “காப்பு அறுந்துரும்.”

கீழே உட்கார்ந்து என் கையை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் முடிச்சை நெம்பினாள். வெகுநேரம் பிடித்தது. வேனில் மற்றப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஒரு வார்த்த பேசியிருந்தீங்கன்னா நான் பாஸ் பண்ணியிருப்பேனுங்க,” என்றாள் தலை நிமிராமல்.

“நீ ஒரு கை வெச்சுப் பாத்திருந்தாலும் பாஸ்தான்.”

“ஆமாங்க.”

முடிச்சு கொஞ்சம் இளகியது. அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா வேர்வையா, நான் குனிந்து பார்க்கவில்லை.

“உங்க பேரு பொன்னனுங்களா?”

“ஆமா,” என்றேன்.

கருப்பு அட்டை கையை விட்டுக் கழன்றது. காப்பு அறுபடவில்லை. அவள் அட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போனாள். நான் கையைக் கழுவப் போனேன்.