நேர்ச்சைக்கு மாட்டிய படம்

சபீனா புனிதையே இல்லை. இதை என் மாமியார் பேபியிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் பருத்திப்பட்டில் இருதயராஜ் அண்ணனின் பட்டறையில் மாதா கோயில் சுரூபங்களுக்கு, அதாவது சிலைகளுக்கு, களிமண்ணில் முகம் பிடிப்பேன். பட்டாபிராம் ஃப்ளாட்டுக்கு வாழ வந்தபோது அங்கிருந்து கொண்டுவந்தது சபீனாவின் இந்தப் படம் ஒன்றுதான். நீண்ட அங்கியோடு சாரத்தில் நின்று, உளியும் சுத்தியலுமாகச் சிலை செதுக்குகிற பெண். அப்பா பாதியில் விட்ட பேராலய வேலையை மகள் முடித்ததாகக் கதை. யாரோ வெளிநாட்டுக்காரர் உருகி உருகி வரைந்திருக்கிறார்.

அத்தை அங்கியைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், புனித சபீனா என்று முடிவு கட்டிவிட்டார். உளியும் சுத்தியலும் அவளைக் கொன்ற ஆயுதங்களாம்! ஹால் சுவரில் புனிதர்களுக்கு மட்டும்தான் இடம் என்பதால் நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குழந்தை பிறக்கும்வரை மருமகளை வேலைக்கு அனுப்புவதில்லை என்று அத்தை அந்தப் படத்திடமே நேர்ந்துகொண்டார். தினமும் மாலையில் அவள் முன்னால் முழங்காலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று மதியம் இருதயராஜ் அண்ணன் போன் செய்தார். "பெரிய மாதா சுரூபம், அருளு. மொகம் நீதான் புடிக்கணும். சாயங்காலம் திரும்பப் பண்றேன், சொல்லு. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்குறேன்."

அந்த முகத்தை நான்தான் செய்ய வேண்டும். அத்தனை ஆசை எனக்கு. நேரே அத்தையிடம் போய் நின்றேன்.

"அத்தை, அவ புனிதை இல்ல. சிலை செய்ற பொண்ணு. என்ன மாதிரி."

அத்தை படத்தை வெகுநேரம் பார்த்தார். கழற்றிவிடுவார் என்றே நினைத்தேன். என் கணவர் ஜாக்சன் ஹாலிலேயே லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். காதிலிருந்து ஹெட்போனை எடுக்கவில்லை.

"யாரா இருந்தா இன்னா?" என்றார் அத்தை. "நேந்துகினது ஆண்டவரு காதுல உழுந்துடுச்சி. மேல் ஊட்டு சௌம்யா இவகிட்ட வேண்டிகினுதான் முழுகாம கீறா. இத்த வெளிய சொல்லாத."

சாயங்காலம் வழக்கம்போல் மெழுகுவர்த்தியை ஏற்றினார். நான் முழங்கால் போட்டேன். அப்போது என் போன் அடித்தது. அத்தையே எடுத்தார்.

"அருளு ஜெபத்துல கீறா. நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க."

நான் மாதாவுக்கு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லத் தொடங்கினேன். அவள் முகத்தை இனி வேறு யாரோ பிடிப்பார்கள்.