வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

அந்தச் சட்டத்தைப் போட்டது நர்ஸம்மாதான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட முடியாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான பேச்சுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டவள், மூன்றாவதுக்குத் தேதி வந்ததும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தேர்வு முடியும்வரை வீட்டில் யாரும் தமிழ் பேசக் கூடாது. உச்சரிப்பு தப்பினால் அந்த இடத்திலேயே திருத்துவாள், புருஷனானாலும் சரி, அப்பாவானாலும் சரி.

லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டான். அப்பா அப்படி அடங்குகிற ஆளா? ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர், கண்டக்டரோடு வாயடித்தே பொழுதைப் போக்கியவர். முதல் நாளே வம்புக்கு இழுத்தார்.

"ஏம்மா, இங்கிலீஷ்ல கத்திக்கு முன்னாடி ஒரு கே, முட்டிக்கு முன்னாடி ஒரு கே. முன்சீட்ல ஜம்முனு உக்காந்திருக்கான், வாயே திறக்க மாட்டேங்கிறான். ஓசி பாஸா?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை ஆட்டினாள். "இங்கிலீஷ்!"

"அது தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்குறேன்!"

இருந்தாலும் மகளுக்காகக் கற்றுக்கொண்டார், பாவம். காலையில் காலண்டரைப் பார்த்துக் கிழமையைச் சொல்வார். 'டி.ஹெச்.' வந்தால் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து ஊதச் சொல்வாள். அவர் ஊதினால் எச்சில்தான் தெறிக்கும், வீடே சிரிக்கும். கண், காது, கை, கால் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் கற்றாயிற்று. ஆனால் வாக்கியமாகச் சேர்க்கச் சொன்னால் விழிப்பார்.

தேர்வுக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. புருஷன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். அப்பா வாசல்படியில் நின்று கிழமையைச் சொல்ல வந்து, "தஸ்... தஸ்தே" என்றார். வார்த்தை கொழகொழவென்று வந்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "டங், அப்பா, டங்!" என்றாள். அவர் மறுபடி முயன்றார். எச்சில் மோவாயில் வழிந்தது. அது தினமும் வழிவதுதானே என்று இருந்துவிட்டாள்.

மத்தியானம் அவரே அறைக்குள் வந்து வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார். "ஹேண்ட்... ஹெவி."

அவளுக்கு ஒரே சந்தோஷம். மனுஷன் தானாக ஒரு வாக்கியத்துக்கு முயற்சி பண்ணுகிறாரே! "மை ஹேண்ட் இஸ் ஹெவி" என்று திருத்தினாள். சொல்லச் சொன்னாள். அவர் குழறினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். குழறிக் குழறி முழுசாகச் சொல்லி முடித்ததும், "வெரி குட்" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த புருஷன்தான் அவருக்குக் காபி கொடுத்தான். டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவள் வேலை பார்க்கிற அதே பக்கவாத வார்டு. 'பேச்சு குழறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்' என்று வருகிற குடும்பத்துக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறவள் அவள்தான்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "ரத்தக்கசிவு இல்ல, அடைப்புதான். கரைக்கிற ஊசி போடலாம். எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான் டாக்டர், காபி குடிக்கிறப்ப" என்றான் புருஷன்.

அவள் பேசாமல் இருந்தால் ஊசி கிடைத்துவிடும். ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரம் தாண்டிப் போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அப்படிப் போன ஆட்களை அவளே துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

"இல்ல டாக்டர். காலையிலேயே பேச்சு குழறுச்சு. மத்தியானம் கை கனக்குதுன்னு என்கிட்டயே வந்து சொன்னாரு."

"சொன்னாரா? நீங்க என்ன பண்ணீங்க?"

"வாக்கியம் தப்புன்னு திருத்தி, திரும்பச் சொல்ல வச்சேன்."

டாக்டர் நேரம் தாண்டிவிட்டது, ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவள் குனிந்து அப்பாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்னைத் திட்டுப்பா. தமிழ்லயே திட்டுப்பா."

அவர் வாய் அசைந்து அசைந்து பார்த்தது. காற்றுதான் வந்தது.