சட்டைப்பையில் இருந்த நோட்டு

சலவைக்கடையில் இஸ்திரி போடுபவளுக்கு, சட்டைப்பைகளில் அகப்படும் சில்லறையை எடுத்துக்கொள்வது திருட்டாகத் தோன்றியதே இல்லை. யாரும் கேட்டு வந்ததும் இல்லை. அன்று லாரி டிரைவரின் சட்டையில் இருந்த பத்து ரூபாய் நோட்டை மடித்தபடியே கொடுத்து டீ குடித்திருந்தாள்.

மாலையில் டிரைவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, பையில ஒரு பத்து ரூபா நோட்டு இருந்துச்சா? காசு பெரிசில்ல. எம்பொண்ணு எழுதக் கத்துக்கிட்டு, முதமுதலா அதுலதான் 'அப்பா'ன்னு எழுதுனா."

"ஒண்ணும் இல்லையே அண்ணே." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நான்தான் எங்கியோ விட்டிருப்பேன். சந்தேகப்பட்டுக் கேட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்று அவர் படியிறங்கினார்.

அவள் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, இருந்துச்சு. நான்தான் செலவழிச்சுட்டேன்."

இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். டீக்கடைக்காரர் கல்லாவைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

டிரைவர் அவளை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவரோ, "மறுபடி எழுதித் தரச் சொல்றேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.