முன்வரிசையில் பிலோமி

இடது கால் ஷூ ஏறவே மாட்டேன் என்றது. சிலுவையம்மாள் குதிகாலில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பார்த்தாள். தம்பியின் கால் விறைத்துப்போயிருந்தது.

“உடுக்கா. ஷூ வாணாம்” என்றாள் பிலோமி.

“இன்னாடி வாணாம்? கல்யாணக் கோட்டு போட்டுட்டு வெறுங்காலோட பெட்டில வெப்பாங்களா? பாக்கறவன் சிரிக்க மாட்டான்?”

பிலோமி வாதாடவில்லை. வலது காலில் ஏற்கெனவே மாட்டியிருந்த ஷூவையும் கழற்றி, காலுறையை உருவி, எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆஸ்பத்திரியில் தலையைச் சுற்றிப் பெரிய கட்டாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். புருஷன் முகம் பாதிதான் தெரிந்தது. பாதங்கள் மட்டும் அப்படியே இருந்தன, ஒரு கீறல் கிடையாது. அவள் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நேற்றுக் காலை ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்டானிஸ்லாஸ், ஹார்பருக்குச் சரக்கு வண்டி போகிற தண்டவாளத்திலேயே இறங்கி நடந்திருக்கிறான். பின்னால் எஞ்சின் வந்தது. அந்த டிரைவர் பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொன்னாராம்: தூரத்திலிருந்தே விசில் ஊதிக்கொண்டு வந்தேன், அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை என்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு ராயபுரத்தைச் சுற்றி வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. விசில் கேட்டும் நகரவில்லை என்றால் வேண்டுமென்றேதான் நடந்திருக்கிறான். பேண்டு உடைந்ததிலிருந்து ஆளே சரியில்லையே. மூன்று வருஷமாக யாரோடாவது மனசு விட்டுப் பேசினானா? பாவம், போய்ச் சேர்ந்துவிட்டான்.

பாவமாம்! இருந்தபோது திண்டாட விட்டுவிட்டு இப்போது வந்து பாவம் பார்க்கிறார்கள். பிலோமிக்கு வாசலில் நின்றவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது.

பத்து மணிக்கு உபதேசியார் செல்வநாதன் வந்தார். கோயிலுக்கும் வீடுகளுக்கும் நடுவே சாமியாருக்காக ஓடுகிறவர், நல்ல மனுஷர். ஸ்டூலைத் தள்ளிப் போட்டும் உட்காராமல், குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிலோமி, சாமி கேக்கச் சொன்னாரு. நான் கேக்கலம்மா, சாமி கேக்கறாரு. ஸ்டானிஸ்லாஸு தானா போயி... அப்பிடி இன்னாவாச்சும்...”

“இல்ல.”

“இல்லன்னா மட்டும் போதாதும்மா. தானா செத்தவனுக்குப் பூசை கெடையாது, மணி அடிக்க மாட்டாங்க. மந்திரிச்ச மண்ணுல எடமும் இல்ல. பின்னாடி சொவரோரமாத்தான்... ஒனக்கே தெரியும். நம்பறா மாரி யாராச்சும் வந்து சாட்சி சொன்னா சாமி ஒத்துக்குவாரு. ரெண்டு மணிக்குள்ள சொல்லணும்.”

சுவரோரம் என்ன என்று அவளுக்குத் தெரியும். எருக்கு முளைத்துக் கிடக்கிற மூலை அது. அங்கே சிலுவை நட விடமாட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அந்த மூலை மட்டும் இருட்டாக இருக்கும். மகள் ஞானத்துக்கு இப்போது மூன்று வயது. நாளைக்கு அது வளர்ந்து அப்பா எங்கே என்று கேட்டால் அந்த இருட்டைக் காட்ட வேண்டும். மாதாவே, அதைவிட என்னையும் கூடவே எடுத்துக்கொள் என்று நினைத்தாள்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று ஞானம் பிறந்த இருபதாம் நாள், அதன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள். கேட்டு வாங்கியவன் இதோ கண்ணை மூடிப் படுத்திருக்கிறான்.

வாசலில் கூட்டம் விலகியது. மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெரம்பூர் ஒர்க்‌ஷாப் நீலமேகம், பக்கத்துத் தெரு சௌக்கத் அலி, ஹார்பரில் குமாஸ்தாவாகிவிட்ட அருள்பிரகாசம். ஸ்டானிஸ்லாஸோடு சேர்த்தால் ‘தி பாய்லர்ஸ்’ பேண்டு. மூன்று வருஷத்தில் ஒருவர்கூட இந்த வாசற்படி மிதிக்கவில்லை.

ஆரம்பத்தில் அவர்களுக்குப் பெயர் ‘மெர்ரி மாரினர்ஸ்’. அறுபத்தாறிலிருந்து ராயபுரத்துக் கல்யாணங்களில் கேக் வெட்டும்போது யாருக்கும் தொந்தரவில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்பதில் நீலமேகம் பழைய ரேடியோ வால்வுகளைப் பொறுக்கி ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து கொண்டுவந்தான். மீன்பெட்டிப் பலகையில் அடித்தது, வாடை கடைசிவரை போகவில்லை. ஸ்டானிஸ்லாஸ் கிதாரை அதில் மாட்டிச் சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பினான். ஸ்பீக்கர் தாள் கிழிந்து, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீலமேகம் தலையில் அடித்துக்கொண்டான். ஸ்டானிஸ்லாஸ் மட்டும், “இதான் மச்சான், இதான்!” என்று குதித்தான்.

அதற்கப்புறம் அதே கிழிந்த சத்தம்தான், எஞ்சின் ஓடுகிற வேகம்தான். பெயரையும் சௌக்கத் ‘பாய்லர்ஸ்’ என்று மாற்றினான். பெரம்பூர்ப் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். இரண்டு கல்யாண வீட்டில் பாதியில் நிறுத்தி, சோறு போட்டு அனுப்பிவைத்தார்கள். எழுபத்திரண்டில் ஒரு காலேஜ் போட்டியில் முதல் பரிசு. மெட்ராஸிலேயே அதிகச் சத்தம் போடுகிற பேண்டு என்று பேப்பரில் யாரோ எழுத, அதை வெட்டி ஆம்ப்ளிஃபையர் மேல் ஒட்டிக்கொண்டார்கள். எழுபத்துமூன்றில் பம்பாய் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். ஜெயித்தால் ரெக்கார்டு போடலாம் என்று பேச்சு.

அவர்கள் பாட்டில் ஒரு இடம் உண்டு. நாலு பேரும் சட்டென்று நிறுத்தி, மனசுக்குள் நாலு எண்ணி, மறுபடி ஒன்றாக விழுவார்கள். மெட்ராஸில் அந்த நிசப்தத்துக்குத்தான் கைதட்டல். பம்பாயில் மூன்று பேர் நிறுத்தினார்கள். ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே போனான். சபை சிரித்தது. அவன் கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள். ஏண்டா என்று கேட்டதற்கு, குடித்திருந்தேன் என்றான். ரயிலில் திரும்பி வந்த இரண்டு நாளும் யாரும் யாரோடும் பேசவில்லை. சென்ட்ரலில் இறங்கியதும் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். பேண்டு அதோடு சரி.

சௌக்கத் உள்ளே வந்ததும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். நீலமேகம் சுவரோரம் நின்றான். அருள்பிரகாசம் நிலைப்படியைத் தாண்டவே இல்லை.

உபதேசியார் அவர்களைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். சாட்சி வேண்டும் என்றார்.

“நான் வரேன். அவன் அந்த மாரி ஆளு இல்ல. எங்க வேணா வந்து சொல்றேன்” என்றான் சௌக்கத்.

“விசில் ஊதனதுக்கு இன்னா பதில் சொல்லுவ?” என்றான் அருள்பிரகாசம் வெளியிலிருந்து. “கோவத்துல கேக்கல அண்ணி. பம்பாய்ல எங்க பொயப்புல மண்ண அள்ளிப் போட்டான், நெசந்தான். அதுக்காவ இப்பிடிப் போவணும்னு நான் நெனைச்சதே இல்ல. ஆனா சாமி கேப்பாரு. விசிலு கேட்டும் ஏன் நகரலன்னு கேப்பாரு.”

பிலோமி எழுந்தாள். மூலையில் மரச் சொப்போடு விளையாடிக்கொண்டிருந்த ஞானத்தைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு பதுருன்னிசாவிடம் கொண்டுபோய் விட்டாள். மீறிய சத்தியம் அந்தச் சுவரைத் தாண்டிப் பிள்ளையைத் தொடாது என்று ஒரு நம்பிக்கை. திரும்பி வந்து கட்டிலருகே நின்றாள்.

“கேட்டும் நகராம இல்ல. அவருக்குக் காது கேக்காது.”

சிலுவையம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இன்னாடி சொல்ற? எந்தம்பி செவிடா?”

“பாய்லருக்குள்ள குந்திகினு ரிவிட் அடிக்கற வேலைக்கா. மொதல்ல விசிலு மாரி சன்ன சத்தம் போச்சு. அப்பால ஒண்ணொண்ணா போச்சு. கல்யாணமாகி ஆறாம் மாசம் பின்னாடி நின்னு கூப்பிடறேன், திரும்பல. எவர்சில்வர் தட்டைப் போட்டேன், திரும்பல. மூஞ்சப் பாத்துப் பேசினா ஒதட்ட வெச்சே எல்லாம் புரிஞ்சிக்குவாரு.”

“அவன் கிதாரு வாசிச்சவன் அண்ணி!” என்றான் அருள்பிரகாசம். இப்போது உள்ளே வந்திருந்தான். “எங்க கூட ஏழு வருசம்!”

“கம்பியை முறுக்கி சுருதி சேத்துக் குடுத்தது யாரு?”

நீலமேகம் தலை நிமிர்ந்தான். “நாந்தான். சோம்பேறி, சோம்பேறின்னு திட்டிகினே செஞ்சு குடுப்பேன்.”

“எதுக்கு அவ்ளோ சத்தம் வெச்சாருன்னு நெனைச்சீங்க? செருப்ப ஏன் கயட்டிப் போட்டுட்டு மேடையேறினாரு? சௌக்கத்து ட்ரம்மு பலகை வழியா கால்ல ஏறும். அத வெச்சுத்தான் வாசிச்சாரு. நிறுத்தறதுக்கு, பாட்டு மாத்தறதுக்கு நான் முன்னாடி நின்னேன்.”

அவள் நின்றது உண்மை. எந்தக் கச்சேரியிலும் மேடைக்கு எதிரே முதல் ஆளாக, சிவப்புக் கைக்குட்டையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்பாள். குடும்பப் பெண் நடுத்தெருவில் ஆட்டம் போடுகிறாள் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். பேண்டுக்காரர்களும் கிண்டல் பண்ணினார்கள். புருஷன் மேல் பைத்தியம் என்று அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

உபதேசியார் குடையைச் சுவரில் சாத்தினார். “நான் நம்பறேம்மா. சாமி நம்பணுமே.”

பிலோமி தலையணைக்கடியிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். “சௌக்கத்து, ஸ்டூல்ல அந்தப் பாட்ட அடி. அருளு, நீ ரெண்டு காதையும் பொத்திக்கோ. என் கையப் பாரு.”

சாவு வீட்டில் தாளமா என்று சிலுவையம்மாள் பதறினாள். சௌக்கத் ஸ்டூலை இழுத்து முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு விரலால் அடிக்க ஆரம்பித்தான். அருள்பிரகாசம் காதை இறுக்கப் பொத்தினான். கைக்குட்டை மேலே எழுந்து, அடிக்கு ஒரு முறை அசைந்தது. அவன் தலையும் தன்னையறியாமல் அதோடு அசைந்தது. கைக்குட்டை சட்டென்று இறங்கியது. அவன் தலை நின்றது. திரும்பிப் பார்த்தான். சௌக்கத்தின் விரல்கள் அதே இடத்தில் காற்றில் நின்றிருந்தன. மறுபடி கைக்குட்டை எழுந்தபோது ஸ்டூலில் அடியும் சேர்ந்து விழுந்தது.

அருள்பிரகாசம் கையைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பம்பாய்ல மேடை சிமெண்டு அண்ணி” என்றான், கையை மெல்ல இறக்கி.

“நான் ஆஸ்பத்திரில ஞானத்தப் பெத்துகினு இருந்தேன். பலகை போட்ட மேடைன்னா நானே சமாளிச்சிக்குவேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க இன்னா அவன உட்டுட்டுப் போயிருப்போமா?”

“நீங்க பாவம் பாத்து வெச்சிக்குவீங்கன்னுதான் சொல்லல. குடிகாரன்னு நெனைச்சாலும் பரவால்ல, பாவம்னு நெனைக்கக் கூடாதுன்னாரு. கொயந்த தலைல கைய வெச்சு என்னியும் கட்டிப் போட்டாரு.” அதுவரை வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. “தண்டவாளத்துப் பக்கம் போவாதய்யான்னு தெனமும் சொல்லுவேன். நேத்து மட்டும் அடுப்பாண்ட இருந்துட்டேன். நான் சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாரு அருளு. உங்க யாருகிட்டயாச்சும் நான் சொல்லியிருந்தா...”

அருள்பிரகாசம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “வாங்க உபதேசியாரே. சாமிகிட்ட நான் சொல்றேன். அவரும் காதப் பொத்திக்கட்டும்.”

பிலோமி ஞானத்தைக் கூட்டி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. இரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஒவ்வொன்றாக, விட்டு விட்டு, சாவுக்கு அடிக்கிற மணி. சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, கட்டிலுக்கடியிலிருந்த ஷூவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. கடல் பக்கமிருந்து மணலோடு காற்று அடித்தது. இடம் வாசலுக்குப் பக்கத்தில், நல்ல இடம். குழியின் குறுக்கே இரண்டு நீளப் பலகை போட்டு அதன்மேல் பெட்டியை இறக்கி வைத்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபத்தை முடித்தார். பிறகு சௌக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

சௌக்கத்தும் நீலமேகமும் பெரிய ட்ரம்மைத் தூக்கி வந்தார்கள். பாய்லர்ஸ் என்ற எழுத்து அதில் இன்னும் பாதி இருந்தது. பெட்டியின் கால்மாட்டில், அதே பலகைகளின் மேல் அதை இறக்கி, பெட்டியோடு ஒட்டி வைத்தார்கள்.

“அந்தப் பாட்டுதான் அண்ணி. நிறுத்தற எடம் நீங்க சொல்லுங்க” என்றான் சௌக்கத்.

பிலோமி செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையின் ஓரத்தில் காலை வைத்தாள். கைக்குட்டையைத் தூக்கினாள். முதல் அடி விழுந்தது. பலகை வழியாக அது அவள் உள்ளங்காலில் ஏறியது. எதிரே அருள்பிரகாசத்தின் உதடு மட்டும் பாட்டோடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

நிறுத்தும் இடம் வந்தது. மூன்று பேரும் அவள் கையைப் பார்த்தார்கள். சௌக்கத் நிறுத்தாமல் தொடர்ந்தான். பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து பிடித்து, மறுபடி அந்த இடத்துக்கு வந்தான். அவன் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டிருந்தது. குழி வெட்டுகிறவர், பாட்டு நின்றதும் பெட்டியை இறக்க, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்.

கைக்குட்டை மேலேயே இருந்தது.