பின்னால் போகத் தெரியாத பிக்கப்

மினசோட்டாவில் ஒருவன் புதிதாகக் கேம்பர் என்னும் சக்கர வீட்டை வாங்கி வந்தால், தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். ஆர்லோ தன் குட்டிக் கேம்பரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்து வந்தபோதும் அப்படித்தான். ரிவர்ஸ் எடுத்து வீட்டு வாசலுக்குள் அதை விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தச் சனியன், ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் ஒடித்தால் இடப்பக்கம் போய்த் தபால் பெட்டியைச் சாய்த்தது.

“ஒடி, ஒடி! அய்யோ, அந்தப் பக்கம் இல்ல!” என்று பின்னால் நின்ற மனைவி மார்வா கைகளை வீசினாள்.

“எந்தப் பக்கம்னு சொல்லித் தொலையேன்!”

“அதான் கையக் காட்டுறேன்ல!”

“ரெண்டு கையும் ரெண்டு பக்கம் காட்டுதே!”

எதிர்வீட்டு வெர்ன் மடியில் சோளப்பொரியோடு, “ஒண்ணும் அவசரமில்லப்பா, ஆர்லோ. நாங்க இருக்கோம்” என்றார்.

ஆர்லோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து, முன்பக்கமாகவே ஒரே மூச்சில் வாசலுக்குள் ஏற்றி நிறுத்தினான். முன்னால் காரேஜ் கதவு, பின்னால் கேம்பர், நடுவில் பிக்கப். தெரு கைதட்டியது. இறங்கித் தொப்பியைக் கழற்றிச் சலாம் வைத்தான்.

யாரும் நாற்காலியை மடக்கவில்லை.

“அதான் உள்ள விட்டாச்சுல்ல! இன்னும் என்ன வேடிக்கை?”

வெர்ன் பொரிக் கிண்ணத்தைப் பக்கத்தில் நீட்டினார். அங்கே மார்வாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீ இன்னும் வெளிய வரணுமே, ராசா” என்றாள்.