எங்க கீற, கோபாலா

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பஜனைக்குப் பாய் விரித்ததும், சிவந்தி வழக்கம்போல் சுவரோரமாக உட்கார்ந்து வலப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டாள். அது கோபாலனுக்கு. போன வாரம் தெரியாமல் அதில் வந்து உட்கார்ந்த தாயம்மாவை, உயிர்த் தோழி என்றும் பார்க்காமல் கிள்ளியே கிளப்பிவிட்டாள். பத்து வயசுக்கு இவ்வளவு பக்தி ஆகாது என்று அவளைப் பெற்ற பூவம்மாவே சொல்வாள். பூவம்மா கழியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்து விற்பவள். சாமிக்கு ஒதுக்க அவளுக்கு ஏது நேரம்.

பஜனையை நடத்துபவர் பக்தவச்சலம். துறைமுக ஆபீசில் கிளார்க். இதே கத்திவாக்கம் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் பேச்சைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தோற்றார். குப்பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, தானே கட்டிய பாட்டுகளைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதைக் குறை சொல்ல முடியாது. அதில் ஒரு பாட்டில்தான் வம்பு வந்தது. "கூப்பிடும் பிள்ளையை விட்டு எங்கே இருக்கிறாய், கோபாலா" என்று அவர் பாடுவார். பிள்ளைகள் அப்படியே திருப்ப வேண்டும். சிவந்தி மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "எங்க கீற, கோபாலா" என்பாள்.

வாய் திரும்பவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். தனியாக நிறுத்திச் சொல்லச் சொன்னால் சுத்தமாகச் சொன்னாள். பாட்டு வந்ததும் மறுபடியும் கீற.

"தெரிந்தே ஏன் தப்பாகப் பாடுகிறாய்?"

"எங்க வூட்டாண்ட யாரும் இருக்கிறாய்னு கூப்ட மாட்டாங்க சாரு. அப்டி கூப்ட்டா, வேற யாரையோ கூப்டறாங்கன்னு அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

அது என்று அவள் சொன்னது கடவுளை. பக்தவச்சலத்துக்கு அதுவும் பிடிக்கவில்லை.

இன்றைக்குப் பட்டணத்து யானைக்கவுனியிலிருந்து ஒரு பஜனைக் கோஷ்டி வருகிறது. பிள்ளைகள் பாடுவது பிடித்துவிட்டால் அடுத்த வாரம் தங்கள் மண்டபத்தில் பாடவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் பக்தவச்சலம் சிவந்தியிடம் வந்து குனிந்தார்.

"இன்று நீ வாயை மட்டும் அசை. சத்தம் வந்தால் இனிமேல் இந்தப் பக்கமே வராதே."

பஜனை இல்லாத சனிக்கிழமையை அவளால் நினைக்கவே முடியவில்லை. சரி என்று தலையாட்டினாள். இரண்டு பாட்டுக்கு வாயை அசைத்தாள். விளக்கு எரிந்தது, சாம்பிராணி மணத்தது, எல்லாம் இருந்தும் பக்கத்தில் விட்ட இடம் வெறும் பாயாகவே கிடந்தது. கூப்பிடாமல் யார் வருவார்கள்? கூப்பிடுகிற மாதிரி நடிப்பது அதைவிடக் கேவலம் இல்லையா? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்றாவதாக அந்தப் பாட்டு வந்தது. பக்தவச்சலம் உருகிப் பாடி நிறுத்தினார். "எங்க கீற, கோபாலா" என்று ஒரு குரல் மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு எழுந்தது.

ஜால்ரா நின்றது. விருந்தாளிகளில் ஒருவர் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். பக்தவச்சலம் வாசலைக் காட்டினார். சிவந்தி எழுந்தாள். அழவில்லை. வாசற்படிவரை போனவள் திரும்பி நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அடியை இன்னொரு தடவை முழுசாகப் பாடினாள்.

"இன்னா திமிரு கீதுடி உனுக்கு" என்றார் பக்தவச்சலம்.

சொன்னபிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. இருபது வருஷமாகப் பூட்டி வைத்த பேச்சு, யானைக்கவுனிக்காரர்கள் முன்னால், அதுவும் இவ்வளவு கணீரென்று. பிள்ளைகள் வாய் பிளந்து அவரையே பார்த்தார்கள். சாருக்கும் நம்ம பேச்சு வருமா? யாரும் சிரிக்கவில்லை. தாயம்மாதான் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க கீற, கோபாலா" என்று எடுத்தாள். அடுத்தவள் பிடித்துக்கொண்டாள், அப்புறம் எல்லாருமே. ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது கூப்பிட்டார்கள். யானைக்கவுனி ஆர்மோனியக்காரர் யாரையும் கேட்காமல் சுருதி சேர்த்தார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மின்நிலையத்துக்குக் கட்டுகிற புகைபோக்கி பாதி உயரத்தில் நின்றது. சிவந்தி படியில் உட்கார்ந்து, பாவாடை நுனியால் வலப்பக்கம் கிடந்த மணலைத் துடைத்துவிட்டு, ஓர் ஆள் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து வருகிற குரலோடு தன் குரலையும் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்தவச்சலம் வெளியே வந்தார். கையில் ஜால்ரா அப்படியே இருந்தது. அவள் பக்கத்தில் உட்காரக் குனிந்தார்.

"அங்க குந்தாதீங்க சாரு" என்றாள் சிவந்தி. "ஆளு கீது."

குனிந்தவர் குனிந்தபடியே, துடைத்து வைத்திருந்த படியைப் பார்த்தார்.