கோட்டு போட்ட சுப்பராயலு

சுப்பராயலு தாத்தா எண்பத்தோரு வயது வரை கோட்டு போட்டதில்லை. இறந்து பதினாறாம் நாள், திண்டிவனத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் படத்தின் திரை விலகியபோது போட்டிருந்தார். நீலக் கோட்டு, சிவப்பு டை, கறுகறுவென்று மீசை. முகத்தில் மருந்துக்கும் சுருக்கம் இல்லை. கன்னத்தில் லேசாக ரோஸ் பவுடர் வேறு.

முன்வரிசையில் இருந்த பேத்தி கலைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். குற்றத்தில் பாதி அவளுடையது.

இருபத்திரண்டு வருடமாக ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கண்ணில் புரை விழுந்தவர்களைத் திரட்டி, இலவச முகாமுக்கு வேனில் அழைத்துப்போய், ஆபரேஷன் முடிந்து வீட்டுவாசலில் விடுகிறவரை கூடவே இருந்தவர் தாத்தா. முகாம் போட்டோக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாவற்றிலும் குத்துவிளக்கு ஏற்றுகிற பிரமுகர்களின் பல்வரிசை பளிச்சென்று இருக்கும். தாத்தாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். முழங்கைக்குச் சட்டம் போட முடியாது என்பதால், அவருடைய வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லி விழுப்புரத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்திருந்தாள் கலைப்பிரியா. ஸ்டூடியோக்காரர் போன் செய்தபோது அவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம், கோட்டு போட்டுடலாமா? கொஞ்சம் யங்கா காட்டட்டுமா?"

"ஏதோ நல்லா பண்ணுங்க."

நல்லா பண்ணிவிட்டார்.

முகாம் நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் வேங்கடேசன் மைக்கைப் பிடித்தார். பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள்; மூன்றும் அவரே ஏற்பாடு செய்த விழாக்களில் அவருக்கே கிடைத்தவை. "என்ன கம்பீரம் பாருங்கள்! ஐயா அவர்கள் என்னுடைய வழிகாட்டுதலில்..." என்று ஆரம்பித்தவர், இறங்குவதற்குள் தாத்தாவைத் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தியாக்கிவிட்டார்.

பிறகு மலர் தூவ வரிசை. பிரமுகர்கள் போட்டோவுக்கு நின்று, தூவி, நகர்ந்தார்கள். அடுத்து, தாத்தா கண் காட்ட அழைத்துப்போனவர்கள். பஸ் பிடித்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். முதலில் நின்றது பாஞ்சாலி. களையெடுத்தே முதுகு வளைந்தவள். வலது கண் ஆபரேஷனாகி ஒன்றரை வருடம். கைநிறையப் பூவோடு படத்துக்கு முன்னால் போனவள், நின்றுகொண்டே இருந்தாள்.

"பாப்பா, பெரியவரு படம் எங்க?"

"இதான் ஆயா," என்றாள் கலைப்பிரியா.

"இதா? இது யாரோ பேங்க் மேனேஜரு."

வேங்கடேசன் சிரித்தார். "என்ன பாட்டி, கண்ணு தெரியலியா?"

"தெரியறதாலதான்யா கேக்கறேன். கட்டு அவுத்ததும் மொதமொத நான் பாத்த மூஞ்சி அவரோடது. 'ஏய் பாஞ்சாலி, கண்ணக் கசக்குன, கைய ஒடச்சிடுவேன்'னு திட்டிக்கினே நின்னாரு. அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற பூமாலை என்கிற கிழவர் எட்டிப் பார்த்தார். "மேல்பல்லு ரெண்டு கெடையாதே அவருக்கு! இந்தாளுக்கு முப்பத்திரெண்டும் இருக்குது."

"இந்தக் கோட்ட மாட்டிக்கினு எப்பிடி வேன்ல தொத்திக்கினு வந்திருப்பாரு?" என்றது இன்னொரு குரல்.

மண்டபமே சிரித்தது. கலைப்பிரியாவும் சிரித்தாள். அப்புறம்தான் கவனித்தாள்: நாற்பது பேர் கையிலும் பூ அப்படியே இருந்தது. தெரியாத ஆளுக்கு எப்படிப் போடுவது என்று தவித்துக்கொண்டு நின்றார்கள். தாத்தாவுக்கு வந்த பூ, அவர் முகம் இல்லாததால் திரும்பிப் போகப் பார்த்தது.

"எம்மேலதான் தப்பு ஆயா. போன்ல கேட்டாங்க, சரின்னுட்டேன். வேற போட்டோவும் இல்ல." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாஞ்சாலி அவளை ஒரு கணம் பார்த்தாள். "அட, இதுக்கா அழுவுற? இதப் புடி."

பூவைக் கலைப்பிரியாவின் கையில் கொட்டிவிட்டு, இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். விரலில் தொட்டு, படத்தின் கண்ணாடிமேல், மீசையின் இடப்பக்கம் ஒரு வெள்ளை இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு. புருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீற்றல்.

"காது மயிர உட்டுட்டியே," என்றார் பூமாலை.

அதுவும் ஆயிற்று. வாய்க்குள் இரண்டு பல்லைப் புடவைக் கரையிலிருந்து பிய்த்த கறுப்பு நூல் துணுக்கைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டி மறைத்தாள். பூமாலை தன் பங்குக்கு, தலைவர் சாத்திய ஆளுயர ரோஜா மாலையைக் கழுத்துவரை தூக்கிக் கட்டினார். கோட்டும் டையும் காணாமல் போயின. மாலையில் தொங்கிய, தலைவர் பெயர் அச்சடித்த ரிப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"என்னம்மா அநியாயம்! பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க!" வேங்கடேசன் கைக்குட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

கலைப்பிரியா படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "தொடைக்காதீங்க சார்."

"இல்லம்மா, மரியாதையா இருக்க வேணாமா?"

"இப்பதான் சார் இருக்குது."

பாஞ்சாலி இரண்டடி பின்னால் போனாள். இன்னும் புரை எடுக்காத இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் உற்றுப் பார்த்தாள்.

"ம். வந்துட்டாரு."

பூவைத் திரும்ப வாங்கி, இரண்டு கையாலும் வீசினாள். பாதி படத்தின்மேல் விழுந்தது, பாதி தலைவர்மேல். வரிசை நகர ஆரம்பித்தது.